பொங்கலுக்குப் பிறகு பத்தாம் வகுப்பு: ஆண்டு விழா, களப்பயணம், வழிகாட்டல் எல்லாவற்றையும் எங்கே நுழைப்பது?

பாலக்கோடு_கணக்கு (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். பாலக்கோடு பக்கம் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளி. ஆறிலிருந்து பத்து வரைதான் உண்டு. பிளஸ் ஒன்னுக்குப் பிள்ளைகள் வேறு ஊர்ப் பள்ளிக்குத்தான் போக வேண்டும். பத்தாம் வகுப்பில் 58 பேர், பாதிக்கு மேல் பெண் பிள்ளைகள்.

தை பிறந்ததிலிருந்து தேர்வு வரைக்கும் எல்லாம் ஒரே நேரத்தில் வந்து விழுகிறது. திருப்புதல் தேர்வு, ஆண்டு விழா, விளையாட்டு விழா, ஒரு களப்பயணம், அறிவியல் செய்முறை. நடுவில் புளி சீசன். மாசி வந்தால் புளி உலுக்கவும் கொட்டை எடுக்கவும் பிள்ளைகளை நிறுத்திக்கொள்கிறார்கள். இந்த வருடம் "உயர்கல்வி வழிகாட்டலையும் நீங்களே பாருங்க" என்று ஹெச்.எம். சொல்லிவிட்டார். வழக்கமாக நடப்பது, யாராவது ஒருவரைக் கூப்பிட்டு ஒரு மணி நேரம் பேசவைத்துப் போட்டோ எடுப்பதுதான். அதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

கேட்க வேண்டியவை மூன்று. விழாவையும் பயணத்தையும் எந்த வாரத்தில் வைத்தால் படிப்பு கெடாது? வழிகாட்டல் என்றால் உண்மையில் என்னென்ன செய்ய வேண்டும்? தேர்வு முடிந்த அன்றே பெங்களூருக்கும் திருப்பூருக்கும் வேலைக்குக் கிளம்பும் பிள்ளைகளை எப்படிப் பிடித்துவைப்பது?

ஓய்வுபெற்ற_ஹெச்எம்_தருமபுரி

டீச்சர், முதலில் ஒரு கணக்கு. பிளஸ் டூ பொதுத்தேர்வு மார்ச் தொடக்கத்தில் ஆரம்பித்துவிடும். அதற்கு அறைக் கண்காணிப்பாளராக உயர்நிலைப் பள்ளிப் பட்டதாரி ஆசிரியர்களையும் எடுப்பார்கள். ஆக மார்ச் வந்தால் உங்கள் பள்ளியில் ஆள் இருக்காது. பிப்ரவரி கடைசியில் அறிவியல் செய்முறைத் தேர்வு. மிச்சம் இருப்பது பொங்கல் விடுமுறை முடிந்ததிலிருந்து பிப்ரவரி மூன்றாம் வாரம் வரைதான். எதைச் செய்வதானாலும் அதற்குள் முடிய வேண்டும்.

விளையாட்டு விழாவை ஜனவரி கடைசிக்குள் முடித்துவிடுங்கள். குடியரசு தினத்தை ஒட்டி வைத்தால் தனியாக ஒரு நாள் போகாது. ஓட்டப் பந்தயங்களைக் காலை ஏழிலிருந்து பத்துக்குள் முடிக்கவும். நம் பக்கம் பிப்ரவரி பாதியிலேயே வெயில் ஏறிவிடும், செம்மண் மைதானம் கொதிக்கும். தண்ணீர்க் குடம் இரண்டு, உப்புச் சர்க்கரைக் கரைசல், முட்டி சிராய்ப்புக்கு முதலுதவிப் பெட்டி. இதற்கு மேல் ஏற்பாடு தேவையில்லை.

ஆண்டு விழா பிப்ரவரி முதல் வாரம் அல்லது இரண்டாம் வாரத்தில் ஒரு வெள்ளிக்கிழமை. தேதி குறிக்கும் முன் பஞ்சாங்கத்தைப் பாருங்கள். மாசி அமாவாசையை ஒட்டி மயானக் கொள்ளை வரும், கிருஷ்ணகிரிப் பக்கம் எருது விடும் விழாக்களும் இந்த மாதங்களில்தான். அந்த நாட்களில் வைத்தால் பெற்றோரும் வரமாட்டார்கள், மைக் செட்டும் கிடைக்காது.

விழா கெடுவது பெரும்பாலும் மூன்று இடங்களில். ஒன்று ஒத்திகை. ஒரு மாதம் முன்பே ஆரம்பித்து மத்தியானம் முழுக்கப் பாட்டு போட்டால் பக்கத்து வகுப்பும் சேர்ந்து கெடும். பத்து வேலை நாள், கடைசிப் பிரிவேளை மட்டும், அவ்வளவு போதும். பத்தாம் வகுப்புக்கு ஒரே ஒரு நிகழ்ச்சி. ஆனால் அந்த ஒன்றை எடுத்துவிடாதீர்கள். அந்தப் பள்ளியில் அவர்களுக்கு அதுதான் கடைசி மேடை. இரண்டாவது உடை. வாடகை உடை என்று ஆளுக்கு இருநூறு, முந்நூறு கேட்டால் கொடுக்க முடியாத பிள்ளை "எனக்கு ஆட வராது சார்" என்று ஒதுங்கிக்கொள்ளும். வீட்டில் இருக்கும் பாவாடை, வேட்டி, துண்டுக்குள் அடங்கும் நிகழ்ச்சியாகத் தேர்ந்தெடுங்கள். கும்மி, கோலாட்டம், தெருக்கூத்துத் துண்டு எல்லாம் நம் மண்ணில் உள்ளவை, காசு கேட்காதவை. மூன்றாவது பேச்சு. சிறப்பு விருந்தினர், எஸ்.எம்.சி. (பள்ளி மேலாண்மைக் குழு) தலைவர், ஊர்ப் பெரியவர் என்று ஆளுக்குப் பத்து நிமிடம் போனாலே நிகழ்ச்சி இருட்டில்தான் தொடங்கும். மூன்று மணிக்கு ஆரம்பித்து ஐந்தரைக்கு முடியும்படி பன்னிரண்டு நிகழ்ச்சி, தலா ஐந்து ஆறு நிமிடம். பேச்சுக்கு மொத்தம் இருபது நிமிடம். பரிசளிப்பை நடுவில் வையுங்கள். கடைசியில் வைத்தால் பரிசு வாங்கும் பிள்ளையின் அம்மா பஸ்ஸுக்குப் போயிருப்பார்.

இன்னொன்று. பெற்றோர் அத்தனை பேரும் தானாக வந்து உட்காரும் ஒரே நாள் அதுதான். வழிகாட்டல் கூட்டத்துக்குத் தனியாகக் கூப்பிட்டால் பத்துப் பேர் வருவார்கள். ஆண்டு விழா அன்று இரண்டு மணிக்குப் பத்தாம் வகுப்புப் பெற்றோரை மட்டும் ஒரு வகுப்பறையில் உட்காரவைத்துப் பேசிவிடுங்கள்.

சேவைமையம்_காரிமங்கலம்

மேடம், ஐயா சொன்ன அந்த இரண்டு மணிக் கூட்டத்துக்கு ஆதார், ரேஷன் கார்டு, அப்பா அல்லது அம்மாவின் சாதிச் சான்று, பேங்க் பாஸ்புக் நகல்களைக் கையோடு கொண்டுவரச் சொல்லுங்கள். வழிகாட்டலில் பாதி இந்தத் தாள்களில்தான் நிற்கிறது. மே மாதம் ரிசல்ட் வந்த மறுநாள் எல்லோரும் ஒரே நேரத்தில் வருவார்கள். சர்வர் நிற்கும், வி.ஏ.ஓ. வேறு வேலையில் இருப்பார், பாலிடெக்னிக் கடைசித் தேதி போய்விடும்.

முதலில் பெயர். பள்ளிப் பதிவேட்டில் முனியம்மாள், ஆதாரில் முனியம்மா, பாஸ்புக்கில் முனியம்மாள் கே. மதிப்பெண் சான்றிதழில் அச்சான பெயர்தான் அந்தப் பிள்ளைக்கு வாழ்நாள் முழுக்க. அதனால் பெயர்ப் பட்டியலைத் தேர்வுத் துறைக்கு உறுதி செய்யும் முன், ஒவ்வொரு பிள்ளையையும் தன் பெயர், இனிஷியல், பிறந்த தேதி, பெற்றோர் பெயரைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் பார்த்துக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். பெற்றோரிடமும் ஒரு கையெழுத்து. பள்ளிப் பதிவு சரியாக இருந்தால் ஆதாரை அதற்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம். பிறப்புச் சான்றே பள்ளிப் பதிவோடு ஒத்துப்போகவில்லை என்றால் ஹெச்.எம். வழியாகப் பள்ளிப் பதிவைத் திருத்துவதுதான் முதல் வேலை. அவசரப்பட்டு ஆதாரில் கைவைக்காதீர்கள். ஆதாரில் பிறந்த தேதியை ஒரு தடவைதான் மாற்றலாம், பெயரை இரண்டு தடவை.

இரண்டாவது, பதினைந்து வயது ஆனதும் ஆதாரில் கைரேகை, கருவிழியைப் புதுப்பிக்க வேண்டும். 15 முதல் 17 வயதுக்குள் செய்தால் கட்டணம் இல்லை. பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சரியாக இந்த வயதுதான். இதைச் செய்யாமல் விட்டால் பேங்கில் கைரேகை ஒத்துப்போகாது, உதவித்தொகை வராது, பிள்ளை நம்மைத்தான் திட்டும்.

சாதிச் சான்று நிரந்தரம், இப்போதே எடுத்துவிடலாம். ஒரு விண்ணப்பத்துக்கு இ-சேவை மையக் கட்டணம் 60 ரூபாய். பி.சி., எம்.பி.சி. என்றால் மண்டலத் துணை வட்டாட்சியர், எஸ்.சி. என்றால் வட்டாட்சியர். எஸ்.டி. மட்டும் கோட்டாட்சியர் அல்லது சார் ஆட்சியர் அளவில் விசாரணை முடிந்துதான் வரும். சித்தேரி, வத்தல்மலை, அஞ்செட்டிப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இதை ஜனவரியில் போடாவிட்டால் ஜூனில் கையில் இருக்காது. வருமானச் சான்றை மட்டும் இப்போது எடுக்க வேண்டாம். அது அந்தந்த ஆண்டுக்குக் கேட்பது, ஏப்ரலுக்கு மேல் எடுங்கள். முதல் பட்டதாரிச் சான்று பிளஸ் டூ முடித்துத் தொழிற்படிப்புக்குப் போகும்போதுதான். இப்போது அதற்குப் பணம் வாங்கும் ஆளை நம்பாதீர்கள்.

வழிகாட்டி_கிருஷ்ணகிரி

வழிகாட்டல் என்றால் உண்மையில் என்ன என்று கேட்டீர்கள் அல்லவா, அதற்கு மட்டும் பதில். சொற்பொழிவை விட்டுவிடுங்கள். ஒரு பிள்ளைக்கு ஒரு அட்டை, ஒருவரோடு பதினைந்து நிமிடம். 58 பேருக்கு நாளைக்கு மூன்று பேர் என்று வைத்தாலும் நாலு வாரத்தில் முடியும்.

அட்டையில் இருக்க வேண்டியது: அரையாண்டிலும் முதல் திருப்புதலிலும் ஐந்து பாட மதிப்பெண், வீட்டு போன், ஊரைவிட்டு நகராத ஓர் உறவினர் போன் (பாட்டி, பெட்டிக்கடை மாமா, யாராக இருந்தாலும்), அருகில் உள்ள மேல்நிலைப் பள்ளி எது, அங்கே என்னென்ன பிரிவு உண்டு, காலையில் எத்தனை மணிக்குப் பஸ், பிள்ளையின் முதல் விருப்பம், இரண்டாவது விருப்பம், வீட்டார் நினைப்பது. கடைசி மூன்றும் ஒன்றாக இருக்காது. ஒன்றாக இல்லாத இடத்தில்தான் உங்களுக்கு வேலை.

பிரிவைப் பற்றி. கணிதமும் உயிரியலும் சேர்ந்த பிரிவு எல்லாக் கதவையும் திறக்கும் என்று சொல்லி எல்லோரையும் அதில் தள்ளுவது பெரிய தவறு. பத்தாம் வகுப்புக் கணக்கில் திருப்புதலிலேயே தட்டுத்தடுமாறி 40 எடுக்கும் பிள்ளை பிளஸ் ஒன் கணக்கில் மூழ்கிவிடும். கணிதம் இல்லாத அறிவியல் பிரிவு எடுத்தால் பி.இ. போக முடியாது, ஆனால் மருத்துவம், நர்சிங், வேளாண்மை போன்ற வழிகள் இருக்கின்றன. கணிதத்தோடு கணினி அறிவியல் எடுத்தால் உயிரியல் போய்விடும். இந்த இரண்டு வரியையும் கரும்பலகையில் எழுதிப்போட்டாலே பாதிக் குழப்பம் தீரும். வணிகவியல் பிரிவைப் "படிப்பு வராதவங்களுக்கு" என்று சொல்லும் பழக்கத்தை ஆசிரியர்கள்தான் முதலில் விட வேண்டும். தொழிற்கல்விப் பிரிவு உள்ள பள்ளி பக்கத்தில் இருந்தால் அதையும் சொல்லுங்கள். அதிலிருந்து பொறியியலுக்கும் தனி ஒதுக்கீடு இருக்கிறது.

பத்தாம் வகுப்போடு போகக்கூடிய மற்ற இரண்டு வழி பாலிடெக்னிக்கும் ஐ.டி.ஐ.யும். டிப்ளமோ மூன்று வருடம், முடித்தால் பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம். அரசு ஐ.டி.ஐ.யில் பயிற்சிக் கட்டணம் கிடையாது, மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் பஸ் பாஸும் உண்டு. ஓசூர் சிப்காட்டை ஒட்டி இருக்கும் நம் மாவட்டங்களுக்கு ஃபிட்டர், டர்னர், மெஷினிஸ்ட், எலக்ட்ரீஷியன் மாதிரியான பிரிவுகள் வெறும் காகிதப் படிப்பு அல்ல. டைட்டன், அசோக் லேலண்ட், டி.வி.எஸ். என்று பெரிய ஆலைகள் அங்கேயே இருக்கின்றன. ஆனால் ஒன்றைச் சேர்த்துச் சொல்லுங்கள்: படிப்பு இல்லாமல் நேரே ஆலைக் கான்ட்ராக்ட் வேலைக்குப் போகும் பையனும், ஐ.டி.ஐ. முடித்து அப்ரண்டிஸ் ஆகப் போகும் பையனும் ஒரே கேட்டில்தான் நுழைவார்கள், ஐந்து வருடம் கழித்து ஒரே சம்பளத்தில் இருக்கமாட்டார்கள். அப்பாக்களுக்கு இது சட்டென்று புரியும்.

களப்பயணத்தை இதோடு இணைத்துவிடுங்கள். மாணவர்களை அணைக்கட்டுக்கும் பூங்காவுக்கும் கூட்டிப்போவதில் தப்பில்லை. ஆனால் பத்தாம் வகுப்புக்கு ஒரே ஒரு பயணம்தான் என்றால் காலையில் அரசு ஐ.டி.ஐ. பட்டறை, மத்தியானம் அரசு பாலிடெக்னிக் ஆய்வகம். இரண்டு இடத்துக்கும் பத்து நாள் முன்பே முதல்வருக்குக் கடிதம் கொடுங்கள். பயிற்சி நடக்கும் நாளாக இருக்க வேண்டும், லேத் ஓடாத பட்டறையைப் பார்த்துப் பயன் இல்லை. துறை அனுமதி, பெற்றோர் ஒப்புதல் கடிதம், பெண் ஆசிரியர் துணை, மாலை ஐந்துக்குள் திரும்புவது எல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். பெண் பிள்ளைகளையும் பட்டறைக்குள் அழைத்துப் போங்கள், வெளியில் மரத்தடியில் உட்காரவைக்காதீர்கள். சரித்திர ஆர்வம் உள்ள வகுப்பு என்றால் ஒன்பதாம் வகுப்பைத் தருமபுரி அருங்காட்சியகத்துக்குத் தனியாக அனுப்பலாம், நடுகற்கள் அங்கே இருக்கின்றன.

பாலக்கோடு_கணக்கு

ரொம்ப நன்றி. ஐயா, பெற்றோர் கூட்டம் விழா அன்றே வைக்கிறோம். வழிகாட்டி சாரிடம் ஒரு கேள்வி. 450க்கு மேல் எடுக்கும் நாலைந்து பிள்ளைகளைத் தனியார் பள்ளிகள் "பிளஸ் ஒன் இலவசம், ஹாஸ்டலும் இலவசம்" என்று கூப்பிடுகிறார்கள். பெற்றோர் என்னிடம் கேட்டால் என்ன சொல்வது? போகாதே என்று சொல்ல எனக்கு உரிமை இருக்கிறதா தெரியவில்லை.

வழிகாட்டி_கிருஷ்ணகிரி

போகாதே என்று சொல்ல வேண்டாம் மேடம். எதையெல்லாம் விட்டுவிட்டுப் போகிறார்கள் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள், முடிவு அவர்களுடையது.

7.5 சதவீத உள் ஒதுக்கீடு: மருத்துவத்துக்கு 2020லும், பொறியியல், வேளாண்மை, கால்நடை, மீன்வளம், சட்டத்துக்கு 2021லும் வந்தது. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். பிளஸ் ஒன் மட்டும் தனியாரில் படித்தாலும் போச்சு. அரசு உதவிபெறும் பள்ளிக்குப் போனாலும் இது கிடையாது. இதைப் பலர் கவனிப்பதில்லை. ஆதிதிராவிடர் நலப் பள்ளி, பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளி, அரசு மாதிரிப் பள்ளி எல்லாம் அரசுப் பள்ளிக் கணக்கில்தான் வரும், அங்கே தாராளமாகப் போகலாம்.

உயர்கல்வி சேரும் பெண்களுக்கான புதுமைப்பெண் (2022), பையன்களுக்கான தமிழ்ப்புதல்வன் (2024) திட்டங்களின் மாதம் ஆயிரம் ரூபாயும் அரசுப் பள்ளிப் படிப்பைப் பார்த்துத்தான். உதவிபெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் இது உண்டு. பத்தாம் வகுப்பு முடித்து டிப்ளமோ, ஐ.டி.ஐ. போகும் பிள்ளைகளும் இதில் வருவார்கள் என்பதைச் சேர்த்துச் சொல்லுங்கள்.

என்.எம்.எம்.எஸ். (எட்டாம் வகுப்பில் தேர்வு எழுதி வாங்கும் மத்திய அரசு உதவித்தொகை) வாங்கும் பிள்ளைக்குத் தனியாக ஒரு எச்சரிக்கை. வருடம் 12,000 ரூபாய், பிளஸ் டூ வரை. தனியார் பள்ளிக்கு மாறினால் நின்றுவிடும். பத்தாம் வகுப்பில் 60 சதவீதம், அதாவது 500க்கு 300 எடுத்தால்தான் பிளஸ் ஒன்னில் தொடரும். எஸ்.சி., எஸ்.டி. பிள்ளைகளுக்கு 275. உங்கள் 58 பேரில் யார் யார் என்.எம்.எம்.எஸ். என்று இன்றே பட்டியல் எடுத்து, 270லிருந்து 300க்குள் நிற்பவர்களை மாலை வகுப்பில் முன்பெஞ்சில் உட்காரவையுங்கள். ஐந்து மதிப்பெண்ணில் இரண்டு வருடத்து 24,000 ரூபாய் போவதைவிடக் கொடுமை வேறில்லை.

தேன்கனிக்கோட்டை_தமிழாசிரியை

பெண் பிள்ளைகளுக்குச் சின்ன வயதிலேயே கல்யாணம் முடிப்பதைப் பற்றி யாரும் பேசவில்லையே, அதனால் எழுதுகிறேன்.

தேர்வு முடியும் நாளுக்கும் ரிசல்ட்டுக்கும் நடுவில் இருக்கும் வாரங்கள்தான் ஆபத்தானவை. சித்திரை, வைகாசி முகூர்த்தம், பள்ளிக்கூடம் இல்லை, கேட்க ஆள் இல்லை. பிப்ரவரியிலேயே அடையாளம் தெரியும். திடீரென்று அடிக்கடி விடுப்பு, மாமா வீட்டுக்குப் போய்விட்டு வந்தேன் என்பது, மற்ற பிள்ளைகள் அவளைக் கேலி செய்வது. தோழிகளுக்கு எல்லாம் முன்பே தெரிந்திருக்கும்.

பெற்றோரிடம் சட்டத்தைக் காட்டி ஆரம்பிக்காதீர்கள். "நான் கம்ப்ளெயிண்ட் கொடுப்பேன்" என்று முன்கூட்டியே சொன்னால் தேதியை முன்னால் தள்ளுவார்கள், இல்லை என்றால் கர்நாடகப் பக்கம் ஏதாவது கோயிலில் முடித்துவிடுவார்கள். எங்கள் பக்கம் எல்லை கூப்பிடு தூரம்தான். பேச்சை எப்போதும் அடுத்த படிப்பின் மேலேயே வையுங்கள்: எந்தப் பள்ளி, எந்த பஸ், பிளஸ் ஒன்னில் அரசு கொடுக்கும் சைக்கிள், விடுதி. தூரம்தான் நிறைய வீட்டில் சொல்லப்படும் காரணம். பிற்படுத்தப்பட்டோர், மிகப் பிற்படுத்தப்பட்டோர் நல விடுதிகளில் சேரப் பையன்களுக்கு வீடு 8 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்க வேண்டும். பெண்களுக்கு அந்தத் தூர விதியே இல்லை. இது தெரியாமல் "பக்கத்து ஊர்தானே, விடுதி கிடைக்காது" என்று விட்டவர்கள் உண்டு.

கல்யாண ஏற்பாடு நடப்பது உறுதி என்றால் 1098, குழந்தைகள் உதவி எண். எந்நேரமும் எடுப்பார்கள், சொன்னவர் பெயர் வெளியே போகாது. பிள்ளையின் பெயர், பிறந்த தேதி, ஊர், முகூர்த்தத் தேதி, இடம் இவை ஐந்தும் கையில் இருந்தால் நடவடிக்கை வேகமாக நடக்கும். குழந்தைத் திருமணத் தடைச் சட்டம் 2006இன்படி நடத்திவைப்பவர்களுக்கும் இரண்டு வருடம் வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம். தனியாக அந்த வீட்டுக்குப் போகாதீர்கள். அடுத்த நாள் அதே ஊரில் நீங்கள் பாடம் நடத்த வேண்டும்.

மாலைச் சிறப்பு வகுப்பைப் பற்றி ஒரு வார்த்தை. தளி, அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் இந்த மாதங்களில் யானை நடமாட்டம் உண்டு. ஆறு மணி வரை வகுப்பு வைத்தால் நடந்து போகும் பிள்ளை வராது, வந்தாலும் மனசு பாடத்தில் இருக்காது. காலை எட்டரைக்கு வையுங்கள், மாலையில் கடைசி பஸ்ஸுக்கு முன் விடுங்கள். பாலக்கோட்டிலும் காடு ஒட்டிய ஊர்களுக்கு இது பொருந்தும்.

ஆசிரியர்பயிற்றுநர்_மொரப்பூர்

எல்லோரும் நல்லதாகச் சொல்லியிருக்கிறார்கள். ஓய்வுபெற்ற ஐயாவிடம் ஒரே ஒரு மாறுபாடு: விழா அன்று இரண்டு மணிக்குப் பெற்றோர் கூட்டம் என்றால் அப்பாக்கள் வருவது கஷ்டம், வேலை நாள். அம்மாக்களிடம் சொன்னது வீட்டில் போய்ச் சேரும்போது பாதி கரைந்திருக்கும். பேசியதை ஒரு பக்கத்தில் அச்சடித்துக் கையில் கொடுத்தனுப்புங்கள்.

புளி சீசனுக்கு: தடுக்க முடியாது, கூலி அந்த வீட்டுக்குத் தேவை. எஸ்.எம்.சி. வழியாகத் தோப்பு குத்தகை எடுத்தவர்களிடமே பேசுங்கள். பள்ளி நாளில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளைக் கூப்பிட வேண்டாம் என்று அவர்கள் சொன்னால் பெற்றோர் கேட்பார்கள். செய்முறைத் தேர்வு நாளை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் விடவிடாதீர்கள். 25 மதிப்பெண் அது, எழுத்துத் தேர்வு 75தான்.

மூன்றாவது கேள்விக்கு. கடைசித் தேர்வு அன்று பிள்ளைகளை அப்படியே விடாதீர்கள். அரை மணி நேரம் உட்காரவைத்து அட்டையில் உள்ள போன் நம்பரை அங்கேயே அடித்துப் பாருங்கள், பாதி நம்பர் மாறியிருக்கும். நாலு நாலு பிள்ளைகளுக்கு, ஊர்வாரியாக, ஒரு தலைவியோ தலைவனோ போடுங்கள். ஏப்ரல் கடைசியில் ஒரு தடவை, மே முதல் வாரத்தில் ஒரு தடவை யார் எங்கே இருக்கிறார்கள் என்று கேட்டு வாட்ஸப்பில் ஒரு வரி போட வேண்டும், அவ்வளவுதான் வேலை. மாங்காய் பறிக்கப் போன பையன் திரும்பி வருவான். பெங்களூர் கட்டட வேலைக்குப் போனவனைத்தான் உடனே தேட வேண்டும்.

ரிசல்ட் அன்று தேர்ச்சி பெறாத பிள்ளைகளுக்கு முதலில் போன் செய்யுங்கள், 480 எடுத்தவளுக்கு மாலையில் வாழ்த்துச் சொல்லிக்கொள்ளலாம். துணைத் தேர்வு அதே வருடம் ஜூன், ஜூலை வாக்கில் நடக்கும். தவறிய பாடத்தை மட்டும் எழுதினால் போதும், தேறினால் அதே வருடமே பிளஸ் ஒன் சேரலாம், ஒரு வருடமும் வீணாகாது. விண்ணப்பிக்கக் கொடுக்கும் நாட்கள் குறைவு. பிள்ளை அழுதுகொண்டு பாட்டி வீட்டுக்குப் போய்விட்டால் தேதி போய்விடும். அதனால் பெற்றோர் கையெழுத்தை எப்படி வாங்குவது, கட்டணத்தை யார் கட்டுவது என்பதை ஹெச்.எம்.மிடம் ஏப்ரலிலேயே பேசி முடித்துவிடுங்கள். மனம் உடைந்து பேசும் பிள்ளை என்றால் 14417 (பள்ளி மாணவர் ஆலோசனை எண்) நம்பரைக் கொடுங்கள், 104 என்ற மருத்துவ உதவி எண்ணும் உண்டு.

பாலக்கோடு_கணக்கு

அட்டை மாதிரியை இன்று போட்டுவிட்டேன், இரண்டு போன் நம்பருக்கும் இடம் விட்டு. என்.எம்.எம்.எஸ். பட்டியலில் ஒன்பது பேர், அதில் மூன்று பேர் 300க்குக் கீழே. பெயர்ப் பட்டியலை நாளைக்கு வகுப்பில் வாசிக்கிறேன். சேவைமையம் அண்ணா, எஸ்.டி. சான்று வேண்டிய பிள்ளைகள் ஆறு பேர் இருக்கிறார்கள். ஆறு விண்ணப்பத்தையும் ஒரே நாளில் கொண்டுவந்தால் போடமுடியுமா?

சேவைமையம்_காரிமங்கலம்

போடலாம் மேடம். பெற்றோரில் ஒருவரும் பிள்ளையும் நேரில் வரட்டும், ஆதாரில் இணைத்த போன் கையில் இருக்கட்டும், ஓ.டி.பி. வரும். அப்பா வழியில் யாருக்காவது பழைய எஸ்.டி. சான்று இருந்தால் அசலையே எடுத்துவரச் சொல்லுங்கள், விசாரணையில் அதைத்தான் முதலில் கேட்பார்கள். திங்கட்கிழமை வேண்டாம், கூட்டமாக இருக்கும். புதன் காலை பத்துக்குள் வந்தால் நல்லது.